‘அற்ற’ வருவதற்குள்

ஒரு பாட்டை இருக்கிறபடியே பாடிவிட்டு மேடையிலிருந்து இறங்குவது அவள் உடம்புக்கு ஆகாது. மூன்று நிமிடப் பாட்டை அவளிடம் கொடுத்தால் அது சாவகாசமாகச் சுற்றிவிட்டு வரும். வரும்போது பெற்றவர்களுக்கே அடையாளம் தெரியாது. ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எடுத்து, ஒவ்வொரு தடவையும் ஒரு சுழிப்பு, ஒரு குழைவு கூட்டிப் பாடுவதற்குப் பாடகர்கள் வைத்திருக்கும் பெயர் சங்கதி. அந்தப் பெயரையே அவளுக்கும் வைத்துவிட்டார்கள். மெல்லிசைக் குழுவில் வெறும் சங்கதி. குடியிருந்த அடுக்குமாடியில் சங்கதி அக்கா. பாட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்காத சிலர், ஊர் வம்பு பேசுகிறவள் போலிருக்கிறது என்று நினைத்து அவளைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். வேறு சிலர் அதே காரணத்துக்காகக் கதவைத் திறந்து வைத்தார்கள்.

பகலில் அவளுக்கு ஜெராக்ஸ் கடையில் வேலை. வைத்ததை வைத்தபடி, மடிப்பு விழுந்திருந்தால் மடிப்போடு, டீக்கறை இருந்தால் கறையோடு நகல் எடுத்துக் கொடுப்பதுதான் அந்தத் தொழிலின் ஒழுக்கம். நாள் முழுக்க அந்த ஒழுக்கத்தைக் காப்பாற்றிவிட்டு சாயங்காலமும் காப்பாற்று என்றால் எந்த மனுஷியால் முடியும்? தவிர, கடைக்கு வருகிறவர்கள் தாளைப் பார்ப்பார்கள், தாளை நீட்டுகிற கையைக்கூடப் பார்ப்பதில்லை. முன் மைக்குக்கு எதிரே நிற்கும்போதுதான் அவளுக்கு ஒரு முகம் இருக்கிறது என்பது நாலு பேருக்குத் தெரியவந்தது. அந்த முகத்தை நாலு பேரும் கொஞ்சம் அதிக நேரம் பார்க்கட்டுமே என்று வரியை நீட்டினாள். அவ்வளவுதான் விஷயம்.

குழுவை நடத்தியவர் அவள் அக்காவின் கணவர். ஊருக்கு மாஸ்டர், அவளுக்கு அத்தான். கீபோர்டு வாசிப்பவர். ரெக்கார்டில் உள்ளதே வேதம் என்பது அவர் கட்சி. ஒரு பழைய பாட்டில் சரணத்துக்கு நடுவே பாடகர் லேசாக இருமியிருப்பார். ஒலிப்பதிவு செய்தவர் கவனிக்காமல் விட்ட இருமல். அத்தானின் குழுவில் அந்தப் பாட்டைப் பாடுகிறவர் அந்த இடத்தில் இருமியாக வேண்டும். ஒருமுறை பாடியவருக்கு இருமல் வரவில்லை. திரும்பும் வழியெல்லாம் வேனில் அத்தான் அவரோடு பேசவில்லை.

இப்படிப்பட்ட அத்தானுக்கு இப்படிப்பட்ட கொழுந்தியா வாய்த்தது யார் செய்த பாவமோ. இத்தனை வருஷம் அக்கா நடுவில் நின்று இருவரையும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு குழந்தையின் பிறந்தநாள் விழாவில் அந்தப் பிடியும் நழுவியது. வாழ்த்துப் பாட்டு முடிந்ததும் மெழுகுவத்தியை ஊத வேண்டும். மெழுகுவத்தி உருகிக் கேக்கில் படிந்து, தானாகவே அணைந்தும் போனது. சங்கதி அப்போதும் ‘நீ’ என்ற எழுத்தைவிட்டு வெளியே வரவில்லை. குழந்தை அழுதது. குழந்தையின் அப்பா அத்தானைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

வேனில் ஏறுமுன் அத்தான் தீர்ப்புச் சொன்னார்.

“இன்னும் ஒரே ஒரு நிகழ்ச்சி. அதுல ஒரு சுழிப்பு கேட்டுச்சுன்னா முன் மைக் பென்டிரைவுக்கு. நீ பின்னாடி நின்னு கோரஸ் பாடு.”

“கோரஸ்ல ஆ...ன்னு வருமே அத்தான், அதுக்கு எத்தனை சங்கதி போடலாம்?”

அத்தான் சிரிக்கவில்லை. வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

பென்டிரைவ் என்பது புதிதாகச் சேர்ந்திருந்த கல்லூரிப் பெண். எந்தப் பாட்டையும் மூன்று தடவை கேட்டால் போதும், ரெக்கார்டைத் தட்டிப் போட்டதுபோல் பாடிவிடுவாள். எந்த இடத்தில் மூச்சு, எந்த இடத்தில் விசும்பல், எல்லாம் அதது அதனதன் இடத்தில். அவள் பாடும்போது அத்தான் கண்ணை மூடிக்கொள்வார். சங்கதி பாடும்போதும் மூடிக்கொள்வார்; ஆனால் அது வேறு மாதிரி மூடுவது.

அந்த ஒரே ஒரு நிகழ்ச்சி அவள் குடியிருந்த கட்டடத்திலேயே வந்து வாய்த்தது.

குடியிருப்போர் சங்கத் தலைவருக்கு விழா. அவர் ஆண்டது எட்டு மாடி, ஒரு லிஃப்ட், ஒரு தண்ணீர்த் தொட்டி. பேச்சு மட்டும் கண்டங்களை ஆள்கிறவர் பேச்சு. “குப்பைத் தொட்டியை இடம் மாற்றுவது குறித்து உரிய தருணத்தில் உரிய முடிவு எடுக்கப்படும்” என்பார், கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு. அவர் மனைவியே அவரைத் தலைவர் என்றுதான் குறிப்பிடுவார்; மீன் வாங்க அனுப்பும்போது மட்டும் ‘ஏங்க’ என்பதாகக் கேள்வி. வெயில் படாத ஒரே கார் நிறுத்துமிடம் தலைவருடையது. மொட்டைமாடியில் சங்கச் செலவில் போட்ட தோட்டத்துக்குச் சாவி தலைவர் வீட்டு ஆணியில் தொங்கியது. வெகுநாள் படுத்துக்கிடந்த லிஃப்டைப் பழுதுபார்க்கும் பொறுப்பு தலைவரின் மச்சினருக்குப் போயிற்று. மேலும் கீழும் போகிற இயந்திரங்களில் அவருக்கிருந்த முன்அனுபவம், தன் ஐஸ்கிரீம் கடையின் ஷட்டரைத் தினமும் தூக்கி இறக்கியதுதான். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். மாடிப்படியில் மூச்சு வாங்க நிற்கும்போது ஒருவருக்கொருவர் முணுமுணுத்துக்கொள்வார்கள். தலைவர் எதிரே வந்தால், “இப்பத்தான் உங்களப் பத்திப் பேசிட்டிருந்தோம்” என்பார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆக, லிஃப்ட் ஓடத் தொடங்கியதற்கு ஒரு விழா, அதோடு சேர்த்துத் தலைவருக்குப் பாராட்டு. பாராட்டுப் பாடலைச் செயலாளர் எழுதினார். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கும் கவிஞர் அவர். அறிவிப்புப் பலகையில் எதுகை இல்லாமல் ஒரு வரி எழுதியவரில்லை. ‘தண்ணீரைத் திறந்து வைக்காதீர், கண்ணீரை வரவழைக்காதீர்’ என்பது அவர் எழுதியது. ‘ஈரத் துணியைத் தொங்கவிட்டால் பாரத் துயரம் தங்கிவிடும்’ என்பதும் அவர்தான். அதற்கு அர்த்தம் கேட்கப் போனவர்கள் இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பினார்கள். தலைவரைப் பற்றிய பாடல் இப்படித் தொடங்கியது:

தன்னலமற்ற தலைவரே – எங்கள்
தளங்களை இணைத்த தலைவரே

அத்தான் மெட்டுப் போட்டார். சப்பையான மெட்டு, ஆனால் உறுதியான மெட்டு. இரும்பு நாற்காலி மாதிரி. ஒத்திகையில் சங்கதிக்கு ஒரு யோசனை ஓடியது.

“இந்தப் பாட்டுக்கு ரெக்கார்டே இல்லையே அத்தான். அப்ப நான் எதுலேர்ந்து விலகுறேன்னு எதை வச்சுச் சொல்வீங்க?”

“ரெக்கார்டு என் மண்டைக்குள்ள இருக்கு,” என்றார் அத்தான்.

ஒரு வளைவும் போட மாட்டேன் என்று அவள் அக்காவின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தாள். மனதாரத்தான் செய்தாள்.

செயலாளர் விழாவைப் போர்த் திட்டம்போல் வகுத்திருந்தார். பாடல் தொடங்கும்போது தலைவர் நாலாம் மாடியில் கத்தரிக்கோலுடன் லிஃப்டில் ஏறுவார். கீழே, கார் நிறுத்தும் இடத்தில், மேடைக்குப் பக்கத்திலேயே லிஃப்டின் வாசல். அதன் குறுக்கே சிவப்பு ரிப்பன். ‘தலைவரே’ என்ற சொல் ஒலிக்கும் அதே கணத்தில் கதவு திறக்கும். குஞ்சு முட்டையை உடைத்துக்கொண்டு வருவதுபோல் தலைவர் உள்ளேயிருந்து ரிப்பனை வெட்டிக்கொண்டு வெளியே வருவார். கதவு திறக்காமல் ‘தலைவரே’ என்று பாடிவிடக் கூடாது என்று சங்கதியிடம் பலமுறை எச்சரித்தார்.

“எதிரில் இல்லாதவரை விளிப்பது இலக்கணப் பிழை, சகோதரி.”

ஞாயிற்றுக்கிழமை மாலை. கார்களை வெளியே தள்ளிவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எட்டு மாடியும் இறங்கி வந்திருந்தது, படிக்கட்டு வழியாக. புதிதாகச் சரிசெய்த லிஃப்டைத் தலைவருக்கு முன்னால் யாரும் தொட்டுவிடக் கூடாது என்று உத்தரவு. நாலாம் மாடியிலிருந்து செயலாளருக்குப் போன் வந்தது. அவர் கையை ஆட்டினார். அத்தான் தொடக்க இசையை வாசித்தார். சங்கதி நேராக நின்று, பள்ளிக்கூடப் பிள்ளைபோல் கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தாள்.

“தன்னலம்...”

லிஃப்டின் மேல் சிவப்பு எண் நாலிலிருந்து மூன்றானது, இரண்டானது, ஒன்றானது. ஒன்றிலேயே நின்றது. உள்ளே எதுவோ கனமாக இருமுவதுபோல் ஒரு சத்தம். செயலாளர் பொத்தானை அழுத்தினார். மச்சினர் வந்து அதே பொத்தானை இன்னும் பலமாக அழுத்தினார். பிறகு செயலாளர் மேடையைப் பார்த்து, இரண்டு கையாலும் கயிறு இழுப்பதுபோல் காட்டினார். கீபோர்டுக்குப் பின்னாலிருந்து அத்தான் குரலும் வந்தது.

“நிறுத்தாத. இழு.”

இருபத்தைந்து வருஷத்தில் அத்தான் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததேயில்லை.

அவர் சொன்னதற்கு அர்த்தம் வரியைத் திருப்பிப் பாடு என்பதாக இருக்கலாம். ஆனால் வரியைத் திருப்ப வேண்டுமென்றால் ‘அற்ற’ என்று போய் ‘தலைவரே’யில் விழ வேண்டும், அத்தானின் மெட்டில் அந்த இரண்டுக்கும் நடுவே ஊசி நுழைய இடமில்லை. ‘தலைவரே’ என்று சொல்லவோ தலைவர் இல்லை. ‘அற்ற’வில் நின்று கொண்டு இழுக்கலாம் என்றால், ‘ற்ற’ என்ற இடத்தில் எந்தத் தொண்டையும் நிற்காது. செருப்பில் புகுந்த கல் மாதிரி அது. மிச்சமிருந்தது ‘தன்னலம்’. அதன் கடைசியில் ஒரு ‘ம்’. பாடகியை மெத்தை போட்டு உட்கார வைக்கிற எழுத்து அது. சங்கதி உட்கார்ந்தாள்.

முதலில் சும்மா ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். அடுத்ததில் ஒரு சின்ன வளைவு. அதற்கடுத்ததில் கீழேயிருந்து ஏறி வந்து மேலே எட்டிப் பார்த்துவிட்டு, வழுக்கிக்கொண்டு இறங்கினாள். லிஃப்ட் அசையவில்லை. அவள் அசைந்தாள். தன்னலத்தைக் கெஞ்சினாள், கொஞ்சினாள், ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டாள். தன்னலம் மாடி மாடியாக ஏறியது; மொட்டைமாடிவரை போய்த் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றியது.

முன்வரிசையில் மூன்றாம் மாடி டீச்சர் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டார். பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். கைத்தடி வைத்திருந்த ஒரு பெரியவர் தடியைத் தரையில் தட்டித் தாளம் போட ஆரம்பித்தார். “அப்படிச் சொல்லும்மா” என்றது ஒரு குரல். “இன்னொரு தடவை சொல்லும்மா” என்றது இன்னொன்று. கைதட்டல் ஒரு மூலையில் தொடங்கி நாற்காலி நாற்காலியாகப் பரவியது. ஜனங்கள் எழுந்து நின்றார்கள். சங்கதிக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இத்தனை வருஷம் பாத்திரக் கடையில் வீணை வாசித்ததுபோல் பாடியிருக்கிறாள். இன்றைக்குத்தான் காது உள்ளவர்கள் முன்னால் பாடுகிறாள். திரும்பி அத்தானைப் பார்த்தாள். அவர் முகம் வேப்பெண்ணெய் குடித்தவர் முகம்போல் இருந்தது. பொறாமை என்று நினைத்துக்கொண்டாள்.

மச்சினர் எங்கிருந்தோ ஒரு சாவியைக் கொண்டுவந்து கீழ்க் கதவை நெம்பித் திறந்தார். லிஃப்ட் பாதி வழியில் நின்றிருந்தது. வாசலின் மேல் பாதியில், ஆள் நெஞ்சுயரத்தில், பளபளவென்று இரண்டு ஷூக்கள் தெரிந்தன. நாற்காலி போட்டார்கள். தலைவர் குப்புறப் படுத்து, பின்புறத்தை முன்னிறுத்தி, காலால் நாற்காலியைத் தேடியபடி இறங்கினார். ரிப்பன் ஷூவில் மாட்டி அறுந்தது. கத்தரிக்கோல் உள்ளேயே கிடந்தது. தலைவரின் எந்தப் பகுதி தெரிந்தால் விளிக்கலாம் என்று செயலாளர் சொல்லி வைக்கவில்லை. கிடைத்ததைப் பார்த்து, சங்கதி உச்சத்திலிருந்து பாய்ந்து முடித்தாள்.

“அற்ற தலைவரே!”

கூரை பிய்த்துக்கொண்டு போகாதது அதன் நல்ல நேரம்.

அன்றிரவு சாப்பாடு பரிமாறும்போது அவள் தரையில் கால் பாவாமல் நடந்தாள். அவள் கணவர் கண்ணாடிக் கடையில் பார்வை அளவு பார்ப்பவர். எழுத்து தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று ஒருவரை ஒத்துக்கொள்ள வைப்பதே அவர் தொழில்.

“நின்னுக்கிட்டுத் தட்டினாங்க, பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“இன்னொரு தடவைன்னு கேட்டாங்க.”

“ம்.”

“என்ன ம்?”

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். “இன்னொரு தடவை பாடும்மான்னா கேட்டாங்க? சொல்லும்மான்னு கேட்டாங்க. நீ என்ன சொல்லிட்டிருந்தேன்னு இப்ப ஒரு தடவை சொல்லிப் பாரு. ராகம் வேணாம். சும்மா சொல்லு.”

அவள் சொல்லிப் பார்த்தாள். ராகத்தைக் கழற்றிவிட்டுப் பார்த்தபோது, அம்மணமாக அந்த ஒரே ஒரு வார்த்தை நின்றது. ‘அற்ற’ வருவதற்குள் அதை எத்தனை தடவை, எவ்வளவு உருக்கமாக, தலைவரைப் பாராட்டப் போட்ட மேடையில் நின்று சொல்லியிருக்கிறாள் என்பது மெதுவாக உறைத்தது. முதலில் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

“அப்ப என் பாட்டுக்கு இல்ல.”

“நீ நல்லாத்தான் பாடின,” என்றார் அவர். இவ்வளவு தாமதமாக வருகிற ‘நல்லாத்தான்’ யாருக்கு வேண்டும்.

அன்றைக்கு அவளுக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதினால் பொய். நன்றாகத் தூங்கினாள். காலையில் எழுந்தபோதுதான் வலித்தது. இருபத்தைந்து வருஷமாக நெளிந்து வளைந்து பாடியதற்கு ஒரு நாற்காலிகூட நகர்ந்ததில்லை. ஒரு வார்த்தை வர வேண்டிய நேரத்தில் வராமல் போனதற்கு எட்டு மாடியும் எழுந்து நின்றிருக்கிறது. அவர்கள் கேட்டது அவள் போட்டதை அல்ல. அவள் போடாமல் விட்டதை. இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

விசாரணை மீட்டர் அறையில் நடந்தது. சங்கத்துக்கு இருந்த ஒரே அறை அதுதான். சுவர் முழுக்க மீட்டர்கள் சுற்றிக்கொண்டிருக்க, நடுவே ஒரு மேசை. அதற்குள் அந்தப் பாட்டு எல்லார் போனிலும் ஏறியிருந்தது. எட்டாம் மாடிப் பையன் ஒருவன் அதை அழைப்பு மணியாகவே வைத்துக்கொண்டான் என்பது தலைவரின் முதல் குற்றச்சாட்டு.

“அம்மையே,” என்றார் தலைவர். “என் தன்னலத்தை இவ்வளவு விரிவாகத் தாங்கள் பாடியிருக்க வேண்டியதில்லை.”

“எழுதிக் கொடுத்ததத்தான் பாடினேன் தலைவரே. ஒரு எழுத்து கூட்டல, குறைக்கல.”

“அற்ற எங்கே போயிற்று?”

“அது உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்துச்சு. நீங்க வந்ததும் வந்துச்சு.”

தலைவர் செயலாளர் பக்கம் திரும்பினார். தன்னலம் என்ற சொல்லைத் தன் பெயருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது யார் என்று தெரிந்தாக வேண்டும் என்றார். செயலாளர் மொழியின் மேல் பழியைப் போட்டார். நம் மொழியில் குற்றம் முதலில் வரும், மறுப்பு கடைசியில்தான் வரும், அது தன் கையில் இல்லை என்று விளக்கினார். “ஊழலற்ற என்று வைத்துக்கொள்ளுங்கள் தலைவரே. கறைபடியாத. பொய்யறியாத. களவில்லாத. எல்லாவற்றிலும் முன்பகுதியில் ஆபத்து இருக்கிறது.” ஒவ்வொரு சொல்லுக்கும் தலைவர் முகத்தில் ஒவ்வொரு நிறம் ஏறியது. போதும் என்று கையைக் காட்டினார்.

விழாவைத் திரும்ப நடத்துவதென்று முடிவாயிற்று. ரிப்பன் வெட்டுகிற போட்டோ இல்லாமல் ஒரு லிஃப்ட் எப்படித் திறந்ததாகும்? தலைவர் இம்முறை படி வழியாகவே வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொள்வார். பல்லவியைத் தலைவரே சொன்னார். இல்லை, அற்ற, அறியாத என்று வாலில் தொங்குகிற எதுவும் கூடாது. நல்ல சொல்லாக மட்டுமே இருக்க வேண்டும். கண்ணை மூடி யோசித்து, விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

“பொதுச் சொத்தைத் தன் சொத்தாய்க் காத்திட்ட தலைவரே.”

செயலாளர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். இத்தனை நாள் கவிதை எழுதுகிறேன், இப்படி ஒரு வரி எனக்கு வரவில்லையே என்றார். மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். சங்கதி அந்தத் தாளை வாங்கி இரண்டு தடவை வாசித்தாள். முதல் தடவை வேகமாக. இரண்டாம் தடவை மெதுவாக. பிறகு அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

பாடப்போவது யார் என்பதில் அத்தானுக்குச் சந்தேகமே இல்லை. தவணை முடிந்தது, முன் மைக் பென்டிரைவுக்கு. ஒத்திகைக்கு வந்த பென்டிரைவ் போனில் கேட்டதை அப்படியே இறக்கி வைத்தாள்: தன்னலத்தின் அத்தனை சங்கதியும், நடுவில் ஜனங்கள் சிரித்த இடத்துக்கு ஓர் இடைவெளியும் உட்பட. அது வேண்டாம், புது வரி, நேராகப் பாடு என்றார் அத்தான்.

“நேரா பாடின ரெக்கார்டு இருக்கா அங்கிள்?”

“இல்லம்மா. மெட்டு இருக்கு. தாள்ல வரி இருக்கு.”

பென்டிரைவ் தாளைப் பார்த்தாள், அத்தானைப் பார்த்தாள். யாராவது ஒருவர் முதலில் பாடிக் காட்டாமல் அவளுக்கு வாய் திறக்காது. தலைவரோ தேதியைக் குறித்துவிட்டார். வேறு வழியில்லாமல் சங்கதிக்கு மறுபடி ஒரு தவணை கிடைத்தது. பழைய நிபந்தனைதான், இம்முறை தலைவரே வந்து சொன்னார். ஒரு வளைவு, ஒரு நெளிவு, ஒரு குழைவு காதில் விழக் கூடாது. விழுந்தால் இந்தக் குழுவுக்கு இந்தக் கட்டடத்தில் மட்டுமல்ல, தனக்குத் தெரிந்த எந்தக் கட்டடத்திலும் மேடை கிடையாது. தலைவருக்கு நிறையக் கட்டடங்களைத் தெரியும் என்பதை அத்தான் நம்பினார். இந்தத் தடவை கோரஸ்கூட இல்லை என்று அவர் கொழுந்தியாவிடம் சொன்னபோது அதில் மிரட்டல் எதுவும் இல்லை. களைப்புதான் இருந்தது.

ஒத்திகையில் அவள் பாடியதைக் கேட்டு, அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்று அத்தானுக்கே தோன்றியது. அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் பாடினாள். ஒரே மூச்சில் எடுத்து ஒரே மூச்சில் இறக்கினாள்.

மறுபடி ஞாயிறு, மறுபடி நாற்காலிகள். கூட்டம் போன தடவையைவிட அதிகம். பக்கத்துக் கட்டடத்திலிருந்தும் சிலர் வந்து தூணோரம் நின்றார்கள். வந்தவர்கள் எதற்காக வந்தார்கள் என்பது அவர்கள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. தலைவர் அது தனக்கான மரியாதை என்று எடுத்துக்கொண்டார். ரிப்பனை வெட்டினார், போட்டோ எடுத்தார்கள். லிஃப்ட் கதவு மூடியே இருந்தது. அவர் முன்வரிசையில் அமர்ந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, நெளிவு எதுவும் தப்பிப் போய்விடாதபடி காதைத் தீட்டிக்கொண்டார்.

சங்கதி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முன் மைக்கின் கம்பி வலை அவள் உதட்டுக்கு நேரே. இனி இந்த இடத்தில் நிற்பதோ நிற்காததோ இந்த ஒரு வரியில் இருக்கிறது. தொண்டைக்குள் பழைய சுழிப்புகள் எல்லாம் வாசலில் கூடி நின்று தள்ளுமுள்ளு பண்ணின. ஒன்றையும் அவள் உள்ளே விடவில்லை.

“பொதுச் சொத்தைத் தன் சொத்தாய்,” என்று பாடினாள்.

சுத்தமாக, நேராக, ஒரு மயிரிழை விலகாமல் பாடினாள். பாடிவிட்டு வாயை மூடி மூச்சு வாங்கினாள்.

அவ்வளவுதான். நடுத்தர வயதுப் பெண்மணி ஒருத்தி நாலு வார்த்தை பாடியபின் வாங்கிக்கொள்ள உரிமையுள்ள ஒரு மூச்சு. வளைவு இல்லை, நெளிவு இல்லை. அந்த நாலு வார்த்தையும் கூட்டத்தின் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டு நின்றன. மெட்டுப்படி அந்த இடத்தில் கீபோர்டு அடுத்த கட்டைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அவளுக்குப் பின்னால் அத்தானின் விரல்கள் பழைய கட்டையிலேயே அழுந்தி நின்றன. மண்டைக்குள் இருந்த ரெக்கார்டில் அப்படி ஓர் இடம் கிடையாது. இருந்தும் மனிதர் காத்திருந்தார்.

முதலில் மூன்றாம் மாடி டீச்சருக்குப் புரிந்தது. கைக்குட்டை வாய்வரை போவதற்குள் வெடித்துவிட்டார். அங்கிருந்து பற்றிக்கொண்டது. தூணோரம் நின்றவர்கள் தூணைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள். தடிக்காரப் பெரியவர் தடியைத் தூக்கி ஆட்டினார். “க் காத்திட்ட தலைவரே” என்று அவள் முடித்தது அவளுக்கே கேட்கவில்லை.

தலைவர் முழுக் கவனத்தோடு கேட்டிருந்தார். ஒரு நெளிவுகூட இல்லை. தான் சொன்ன வரி, தான் சொன்னபடியே. அந்த வரிக்கு இப்படி ஓர் ஆரவாரம். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. எழுந்து, திரும்பி, கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார். கூட்டம் இன்னும் கத்தியது. செயலாளர் ஏதோ சொல்லத் தலைவரின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார். தலைவர் அதை உதறிவிட்டு மேடையருகே வந்தார்.

“அம்மையே, மக்கள் விரும்புகிறார்கள். அந்த வரியை இன்னொரு முறை.”

சங்கதி திரும்பி அத்தானைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமல், கட்டைகளைப் பார்த்தபடி, உதடு அசையாமல் சொன்னார்.

“இந்தத் தடவை கொஞ்சம் நிதானமா மூச்சு வாங்கு. நான் பாத்துக்கறேன்.”

அவள் மைக்கின் பக்கம் திரும்பினாள்.